எங்கே நடுவது, எங்கே சும்மா விடுவது? – சிங்கப்பூரில் காடு மீட்பு கேள்வி பதில்

மீனா, ஈசூன்: அக்கா, கையிருப்பு கொஞ்சம்தான், நிலமோ நிறைய. எந்தத் துண்டுக்கு முதலில் செலவு செய்வது என்று கணக்கு மாதிரியை (model) வைத்து எப்படி முடிவெடுப்பது?

முதலில் ஒரு கேள்வி: நாம் கையே வைக்காவிட்டால் பத்து ஆண்டில் அந்த இடம் என்ன ஆகும்? பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நட்ட பிறகு காடு வந்தால் நட்டதால்தான் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

விளக்கத்துக்காக நானே சில எண்களை வைக்கிறேன். ‘அ’ காட்டோரத்து ஹெக்டேர். மகாங் என்னும் வேகமாக வளரும் மரங்கள் தானாகவே முளைத்திருக்கின்றன. சும்மா விட்டாலும் மேற்கவிகை (மரக்கிளைகள் சேர்ந்து அமையும் மேல்கூரை) மூட 70% வாய்ப்பு, நட்டால் 90%. செலவு 40,000 வெள்ளி, லாபம் 20 சதவீதப் புள்ளி. ஆக 10,000 வெள்ளிக்கு 5 புள்ளி. ‘ஆ’ ரெசாம் பெரணி அடைத்துக் கிடக்கும் மேடு. விட்டால் 5%, பெரணியை அகற்றி நட்டால் 60%. செலவு 60,000. 10,000 வெள்ளிக்கு 9 புள்ளி சொச்சம். மூன்றாவது வழியும் உண்டு: ‘அ’ நிலத்தில் எதையும் நடாமல் கொடிகளை மட்டும் வெட்டுவது. செலவு 8,000, வாய்ப்பு 70-லிருந்து 85. 10,000 வெள்ளிக்கு 18.75 புள்ளி!

கொடி வெட்டுவதைப் படம் எடுத்துப் போட ஆள் வரமாட்டார், அது வேறு கதை. வரிசை: முதலில் கொடி, அடுத்து ‘ஆ’. ‘அ’-வில் நடுவது கடைசி. பிறகு களையெடுப்புச் செலவை 30% ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். வரிசை மாறாவிட்டால் நம்பிச் செய்யலாம். மாறினால் முதலில் அந்தச் செலவைக் கள ஒப்பந்ததாரரிடம் சரியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஹரீஷ், மாணவர்: ஓர் இனம் எங்கே வளரும் என்று கணிக்கும் மேக்ஸெண்ட் (MaxEnt) மென்பொருளில் ஒரு மரத்துக்கு இடப்பொருத்த வரைபடம் போட்டேன். தீவு முழுக்கப் பச்சை, அதாவது எங்கும் பொருத்தம் என்கிறது. எங்கே தப்பு?

தட்பவெப்ப அடுக்குகளை (மழை, வெப்பத் தரவு வரைபடங்களை) போட்டிருப்பீர்கள். புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான், மழையும் வெயிலும் இந்தத் தீவுக்குள் பெரிதாக மாறாது. ஒரு கிலோமீட்டர் கட்டம் இங்கே வேலைக்கு ஆகாது. சரிவு, ஓடையிலிருந்து தூரம், பழைய காட்டிலிருந்து தூரம், லைடாரில் (லேசர் அளவீட்டில்) கிடைக்கும் மரவுயரம், நிலத்தின் பழைய பயன்பாடு, இவற்றைப் போடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கேம்பியர் என்னும் தோட்டப்பயிரைப் பயிரிட்டுச் சாரம் போன மண்ணில் இன்றும் அடினாண்ட்ரா மரங்கள் மிகுந்த புதர்க்காடுதான் நிற்கிறது. மழை அடுக்கு இதைக் காட்டாது.

இன்னொன்று, மரத்தைப் பார்த்த இடப் பதிவுகள் பெரும்பாலும் நடைபாதை ஓரத்தில் எடுத்தவை. மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் பின்னணிப் புள்ளிகளையும் அதே பாதை ஓரங்களிலிருந்தே எடுங்கள். இல்லையென்றால் மாதிரி ‘மரம் நடைபாதையை விரும்புகிறது’ என்று கற்றுக்கொள்ளும். சோதிக்கும்போது புள்ளிகளைக் கண்டபடி பிரிக்காமல் இடவாரியாகத் தொகுதி தொகுதியாகப் பிரியுங்கள். மதிப்பெண் குறையும். பரவாயில்லை, அதுதான் உண்மை.

கலைச்செல்வி, பொங்கோல்: ஹெக்டேருக்கு எத்தனை கன்று? எந்த இனம்?

2 மீட்டர் இடைவெளி என்றால் 2,500, 3 மீட்டர் என்றால் 1,111. சிறு விதை மரங்களைச் சின்னான் குருவிகளே கொண்டுவந்து போட்டுவிடும், அவற்றுக்குக் காசு வேண்டாம். பெரிய விதை மரங்கள்தான் தானாக வந்து சேராதவை. பணத்தை அங்கே போடுங்கள். குங்கிலிய இனங்கள் பல ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகக் காய்க்கும், விதையும் உலர்த்தி வைக்கத் தாங்காது. நாற்றங்காலில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நவம்பரில் நட்டால் பிப்ரவரி வறட்சிக்குள் வேர் பிடிக்கும். பையைக் கழற்றியதும் சுருண்டு கிடக்கும் வேரை வெட்டிவிடுங்கள். தண்டின் அடி மண்மட்டத்துக்குக் கீழே புதையக்கூடாது. மண்மேல் போடும் மூடாக்கு 5 செ.மீ. போதும், தண்டைத் தொடாமல் விடுங்கள். முதல் இரண்டு ஆண்டு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை களையெடுப்பு. நட்ட கன்று சாவதற்கு இங்கே பெரிய காரணம் புல்லும் கொடியும்தான். உரத்தைக் கொட்டினால் புல்தான் முதலில் தின்னும்.

ரவி: கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறை?

சதுர மீட்டருக்கு 3 கன்று என்றால் ஹெக்டேருக்கு 30,000. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வளாகத்துச் சின்ன மூலைக்குச் சரி. பெரிய நிலத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஃபாத்திமா, பாசிர் ரிஸ்: கடலோரச் சேற்றில் கண்டல் (அலையாத்தி) கன்று நட்டால் வருடா வருடம் போய்விடுகிறதே?

நடும் இடத்தின் உயரம் தப்பு. சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள சேற்றில் நட்டால் நிற்காது. பக்கத்தில் நன்றாக வளர்ந்த கண்டலில், ஒரே ஓதத்தின்போது (கடல் ஏற்றத்தின்போது) நீர் எவ்வளவு ஏறுகிறது என்று கோலில் குறியுங்கள். அதே ஓதத்தில் உங்கள் இடத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பழைய இறால் குளமாக இருந்தால் கரையை உடைத்து நீரோட்டத்தைத் திறந்தாலே விதை தானாக வரும், கன்றே தேவைப்படாமல் போகலாம்.

ரவி: வீட்டுப் பின்னாலுள்ள அரசு நிலத்தில் நாங்களே நடலாமா?

கேட்காமல் கூடாது. பூங்கா, காப்புக்காடு என்றால் தேசியப் பூங்காக் கழகம், மற்ற அரசு நிலத்துக்குச் சிங்கப்பூர் நில ஆணையம். 2020-இல் தொடங்கிய பத்து லட்சம் மர இயக்கத்தில் தொண்டூழியராகச் சேர்ந்தால் அனுமதி அலைச்சல் மிச்சம்.