அருவிக்குக் கிளம்பும் முன்: கேள்வி பதில்

மழை பிடித்ததும் எல்லோருக்கும் அருவி ஞாபகம் வந்துவிட்டது. கேட்டவர்களுக்கு மொத்தமாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, இங்கே சுள்ளென்று வெயில். கோவை குற்றாலத்தை மட்டும் ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?

நம் ஊர் வெயிலை வைத்து அருவியைக் கணக்குப் போட முடியாதுங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்ளும். கிழக்கே வர வர மழை குறைந்து, திருப்பூருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காற்றுதான். சிறுவாணி மலைமேல் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் அருவியில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் நொய்யலில் சேர்ந்து உங்கள் ஊர் வழியாகவும் வருகிறது. அதனால் அருவிக்குப் போகும் வழியில் சாடிவயல் சோதனைச்சாவடியில் வனத்துறை தடுத்தால் சண்டை போடாமல் வண்டியைத் திருப்புங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: குளித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளம் வந்தால் முன்கூட்டியே தெரியுமா?

பல நேரம் தெரியும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தால். தெளிந்து விழுந்த தண்ணீர் திடீரென்று மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் கூடவே வரும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் போதும், துண்டு செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். ஓடை போகும் திசையிலேயே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் வரும். மலை உச்சியில் கறுத்திருந்தால் இறங்கவே வேண்டாம் என்பது அதற்காகத்தான்.

ஈரோட்டிலிருந்து: அப்பத்தாவையும் கூட்டிப் போகணும். எங்கே போகலாம்ங்க?

ஆழியாறு குரங்கு அருவி. வால்பாறை ரோட்டோரத்திலேயே இருக்கிறது. பேர் சும்மா வைக்கவில்லை, கவர் சரசரத்தாலே குரங்கு வந்து நிற்கும். தின்பண்டத்தை வண்டியிலேயே வையுங்கள். கொல்லிமலை ஆகாய கங்கை அழகுதான், சுமார் 300 அடி உயரம். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி, அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். அப்பத்தாவை அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திவிடுங்கள். திருமூர்த்தி மலையிலும் அப்படித்தான்: கோயில் அடிவாரத்தில், பஞ்சலிங்க அருவி மேலே.

கோபியிலிருந்து: அட்டை கடித்தால் உப்பு போடலாமா?

எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் உப்போ நெருப்போ பட்டால் அது குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடலாம். ஒல்லியான முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். அப்புறம் அடுத்த முனை. ரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் செலுத்திவிடுவதால் சற்று நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

கோவையிலிருந்து: சாயங்காலம் போனால் கூட்டம் இருக்காதே?

யானை இருக்கும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

பெயர் போடாதவர்: நண்பர்களோடு போகிறோம், சரக்கு கொண்டு போகலாமா?

வீட்டிலேயே இருங்க.