இருபது கேள்விக்குப் பதில் ஐந்து போதுமா?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர் குழு வீடு வீடாகப் போய், மக்களிடம் நம்பிக்கையிழப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறது. அதை அளக்கும் பெக் அளவுகோலில் 20 கேள்விகள். அவ்வளவு நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். முக்கியமான ஐந்தை மட்டும் கேட்கலாமா?

பதில்: குறைக்கலாம், ஆனால் நீங்களே பொறுக்க வேண்டாம். மனநல மருத்துவர் ஆரோன் பெக் குழுவினர் 1974-இல் வெளியிட்ட அந்த அளவுகோலில், எதிர்காலம் பற்றிய உணர்வு, முயற்சியைக் கைவிடுவது, இனி என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. கண்ணுக்கு முக்கியமாகப் படுகிற ஐந்தும் ஒரே வகையாகப் போய்விடலாம். 20-க்கு 9 மதிப்பெண் என்ற எச்சரிக்கை எல்லையை ஐந்துக்கு இரண்டு என்று வகுத்துக்கொள்ளவும் முடியாது. அது சிகிச்சைக்கு வந்தவர்களைப் பல ஆண்டு கவனித்துக் கண்ட எல்லை.

ஏற்கெனவே சோதித்த குறுவடிவங்கள் இருக்கின்றன. 2006-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் நான்கே கேள்விகளில் ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டு கேள்வி வடிவமும் உண்டு. அதில் ஒன்று, நினைத்த இலக்கை எட்டவே முடியாது என்று தோன்றுகிறதா என்பது. பெக் அளவுகோல் பதிப்புரிமை உள்ளது, அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுமக்களிடம் கேட்டால் பெரும்பாலோரின் மதிப்பெண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பெக் அளவுகோலில் உள்ளதுபோல் பதில் வெறும் சரி, தவறு என்றால் லேசாகத் தளர்ந்தவர் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோவார். 'கொஞ்சமும் இல்லை' தொடங்கி 'முழுக்க ஆமாம்' வரை ஐந்து படி வைத்தால் தெரிவார். வாசித்துக் காட்டிக் கேட்கும்போது இது இன்னும் முக்கியம். "எனக்கு நல்லது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை" என்று வாசிக்கிறீர்கள், அந்த அம்மா "இல்ல மக்ளே" என்கிறார். மறுத்தாரா, ஆமோதித்தாரா? ஐந்து படியில் ஒன்றைக் காட்டச் சொன்னால் குழப்பமில்லை. முதலில் பத்து வீட்டில் வெள்ளோட்டம் பாருங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அப்போது வரும் எண்ணை, படகு ஓடும் மாதத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

குறுவடிவம் ஊரின் சராசரியைச் சொல்லப் போதும். ஒரு தனி ஆளை எடைபோட எனக்கு அதில் நம்பிக்கையில்லை, கேள்வி குறையக் குறைய ஒருவரின் மதிப்பெண் ஆடும். ஆனாலும் யாராவது எல்லாவற்றுக்கும் கடைசிப் படியைக் காட்டினால் தாளை மடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்றால் தனியே விட வேண்டாம். அரசின் மனநல உதவிக்கான 14416 இலவச எண்ணில் தமிழில் பேசலாம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம்.

அப்புறம் ஒன்று: ஒரு அன்பியத்து (பங்குக்குள் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த சிறு குழு) பிள்ளைகளை அதே அன்பியத்து வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். தெரிந்த முகத்திடம் யாரும் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.