ஒரே பொருள் மருந்துக்கடையில் மருந்து, பக்கத்து அலமாரியில் சத்து மாத்திரை: அமெரிக்க அரசு இதை எப்படி விடுகிறது?

ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரையை வைத்துச் சொல்கிறேன். பூஞ்சை வளர்த்துச் சிவக்க வைத்த அரிசியில் செய்து, கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று விற்கும் சத்து மாத்திரை இது. இதில் எங்கள் வீட்டில் ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம்.

அப்பா மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தபோது, கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டினை ஆறு மாதத்துக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கே கடையில் இந்த டப்பாவைப் பார்த்ததும், "அரிசிதானேடா, என்ன பண்ணிடப் போகுது" என்று வாங்கி, எங்களிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். ஆறாவது வாரம் மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொடையெல்லாம் வலி. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாட்டினுக்கு மேல் ஸ்டாட்டின் சாப்பிட்டிருக்கிறார்" என்றார். ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை; அட்டோர்வாஸ்டாட்டினும் அதில் ஒன்று. நிறுத்தியதும் வலி மெல்லப் போய்விட்டது. டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் 600 மி.கி. என்று போட்டிருக்கிறது. அது அரிசியின் எடை. உள்ளே இருக்கும் மருந்து எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஏன் இல்லை? அங்கேதான் சட்டம் வருகிறது.

மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்தால் அரிசி சிவந்துவிடும். சீனச் சமையலில் நிறத்துக்காகக் காலங்காலமாகச் சேர்ப்பது. 1979ல் ஜப்பானின் அகிரா எண்டோ இந்தப் பூஞ்சையிலிருந்து மொனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். மெர்க் மருந்து நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் இதுவும் அச்சு அசல் ஒன்றே. 1987ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. லோவாஸ்டாட்டினை மருந்தாக அனுமதித்தது.

1994ல் வந்த சட்டப்படி சத்து மாத்திரைகளுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு பொருள் முதலில் மருந்தாக அனுமதி பெற்றுவிட்டால், அதற்கு முன்பே உணவாகவோ சத்து மாத்திரையாகவோ விற்பனையில் இருந்திருந்தால் ஒழிய, பிறகு சத்து மாத்திரையாக விற்க முடியாது. பலன் உண்டா, ஆபத்து உண்டா என்பதெல்லாம் இங்கே கேள்வியே இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான்.

ஃபார்மனெக்ஸ் என்ற நிறுவனம் கொலஸ்டின் என்ற பெயரில் இந்த அரிசியை விற்றபோது, 1998ல் எஃப்.டி.ஏ. அது மருந்து என்று சொல்லிவிட்டது. நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. "அனுமதி பெற்றது மெர்க்கின் மாத்திரைதான், அதற்குள் இருக்கும் மூலப்பொருள் இல்லை" என்பது அவர்கள் வாதம். யூட்டா நீதிமன்றம் 1999ல் அதை ஏற்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், மூலப்பொருளும் அடங்கும் என்று புரட்டிப்போட்டது. அப்புறம் "காலங்காலமாக உணவுதானே" என்ற வாதமும் எடுபடவில்லை. லோவாஸ்டாட்டின் சேரும்படி கவனித்துத் தயாரித்த சரக்கும் பழைய சமையல் அரிசியும் ஒன்றல்ல என்ற எஃப்.டி.ஏ. தரப்பே 2001ல் வென்றது.

சரி, ஜெயித்தார்கள், ஆனால் அரிசி அலமாரியை விட்டுப் போகவில்லை. மருந்து இவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் எழுதினால் மாட்டிக்கொள்வோம், எழுதாவிட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று விற்பவர்கள் புரிந்துகொண்டார்கள். 2017ல் வெளியான ஓர் ஆய்வில் 28 பிராண்டுகளைச் சோதித்தார்கள். இரண்டில் மொனகோலின் கே தென்படவே இல்லை. மற்றவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். உண்மையை எழுதுபவன் குற்றவாளி, வாயை மூடிக்கொள்பவன் வியாபாரி. எனக்கு இதில்தான் கோபம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் வேறு வழியில் போனது. ஒரு நாள் அளவில் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் போட வேண்டும். கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுபவர்களும் 70 வயதைத் தாண்டியவர்களும் சாப்பிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிட வேண்டும். அப்பாவுக்கு அப்போது 72.