கொங்கு என்றாலே இரட்டை இலைதானா? இரண்டு கழகமும் பிடிக்காதவர்கள் ஓட்டு ஏன் எடுபடுவதில்லை?

நம் தேர்தலில் ஜெயிக்கப் பாதி ஓட்டு தேவையில்லை. அடுத்தவரைவிட ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். ஈரோட்டு மஞ்சள் ஏலம் மாதிரிதான்: கொஞ்சம் கூடக் கேட்டவருக்கு மொத்தக் குவியலும் போகும், மற்றவர்கள் கேட்ட விலையைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் (பாஜக, அதிமுக அணி) 53,209 ஓட்டு, கமல்ஹாசன் (மக்கள் நீதி மய்யம்) 51,481, காங்கிரஸ் (திமுக அணி) சுமார் 42,000. வித்தியாசம் வெறும் 1,728. ஜெயித்தவருக்கே நூற்றுக்கு 34 ஓட்டுதான் கிடைத்தது. இதைப் பார்த்துப் பழகிய வாக்காளர், "மூணாவது ஆளுக்குப் போட்டா வேண்டாதவன் வந்துருவானுங்க" என்று கடைசி நேரத்தில் இரண்டு பெரிய கூட்டணிகளில் ஒன்றுக்கே குத்திவிடுகிறார்.

'கோட்டை' என்ற பேச்சும் இந்தக் கணக்கில் பிறந்ததே. 2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. 2024 மக்களவைத் தேர்தலில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு எல்லாமே திமுக அணிக்கு. ஊர் தலைகீழாக மாறிவிடவில்லை. எதிரணி ஓட்டு சிதறியதும் முக்கியக் காரணம்.

சலிப்பைக் காட்ட 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் திரண்டு மனுப் போட்டு, வேட்பாளர் எண்ணிக்கை 1,033 ஆனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது! அப்போதும் ஜெயித்தது திமுகதான். அதன்பின் டெபாசிட் தொகை ஏறியது.

நோட்டா முதலிடம் வந்தால் தேர்தல் ரத்தாகும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அப்படி விதியில்லை, அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே ஜெயித்தவர்.