கருமுதுகு மரங்கொத்தி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கனடாவின் வடக்குக் காடுகளில் வாழும் கருமுதுகு மரங்கொத்தியைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் உச்சந்தலையில் மஞ்சள் உள்ள கறுப்பு வெள்ளை மரங்கொத்தியைப் பார்த்தேன். கருமுதுகு மரங்கொத்தியா, மூவிரல் மரங்கொத்தியா?

பதில்: தம்பி, மஞ்சளை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் ஆணுக்கு மஞ்சள் உண்டு, ஹேரி மரங்கொத்தியின் இளம்பறவைக்கும் சில சமயம் இருக்கும். முதுகைப் பாருங்கள். கழுத்திலிருந்து வால் வரை ஒரே கறுப்பு, வெயில் பட்டால் லேசாக நீலம் மின்னும் என்றால் அது கருமுதுகுதான். மூவிரல் மரங்கொத்தியின் முதுகில் வெள்ளை வரிகள் இருக்கும், கண்ணுக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஹேரிக்கு முதுகு நடுவில் அகலமான வெள்ளைப் பட்டை. கருமுதுகின் பெண்ணுக்கு உச்சியும் கறுப்பு, அதனால்தான் முதுகை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: எரிந்த காட்டில்தான் இது இருக்கும் என்கிறார்களே, அங்கே சாப்பிட என்ன இருக்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தீ அணைந்த கையோடு வண்டுகள் வந்து சேரும். மெலனோபிலா என்ற வண்டுக்குத் தீயின் வெப்பக் கதிரை உணரும் உறுப்பே உடம்பில் உண்டு. நீளக்கொம்பு வண்டுகள் செத்துக்கொண்டிருக்கும் ஸ்ப்ரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் பட்டையில் முட்டையிடும், புழுக்கள் முதலில் பட்டைக்கு அடியில் தின்று, அப்புறம் மரத்துக்குள்ளேயே சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். அந்தக் கொழுத்த வெள்ளைப் புழுக்களுக்காகத்தான் இந்தப் பறவை வருகிறது. கரிந்த மரத்தில் ஒட்டி நின்றால் அந்தக் கறுப்பு முதுகு கண்ணில் படவே படாது. 1988-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா எரிந்த பிறகும் இவை அந்தக் காட்டுக்கு வந்தன. தீக்குப் பின் முதல் சில ஆண்டுகள்தான் உச்சம், எட்டு ஆண்டு வாக்கில் புழு குறைந்து பறவையும் குறைந்துவிடும்.

எரிந்த மரங்களை வீணாகக் கிடக்கிறது என்று உடனே வெட்டி எடுத்துப் போகும் வழக்கம்தான் என்னை வருத்துகிறது. வெட்டுகிற அதே சில ஆண்டுகள்தான் இதற்கு விருந்துக் காலம். எரியாத பழைய ஸ்ப்ரூஸ் சதுப்புகளிலும் இது வாழும், ஆனால் அங்கே எண்ணிக்கை குறைவு.

கேள்வி: பறவை கண்ணில் படாவிட்டால் எப்படித் தேடுவது?

பதில்: பட்டையைப் பாருங்கள். இது நேராகக் குத்துவதோடு, அலகைப் பக்கவாட்டில் அடித்துப் பட்டையைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கறுத்த மரத்தில் திட்டுத்திட்டாகச் செம்பழுப்பு தெரியும், அடியில் பனி மேல் செதில்கள் சிதறிக் கிடக்கும். அவை புதிதாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். மெதுவாகத் தட்டுகிற சத்தம் பக்கத்திலேயே கேட்கலாம்.

கேள்வி: அப்படி அடித்தால் மூளை கலங்காதா? மண்டை ஓடு அதிர்ச்சி தாங்கி என்று படித்தேன்.

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து அளந்தது. தலை ஒரு கெட்டியான சுத்தியல் போலத்தான் வேலை செய்கிறது. நடுவில் அதிர்ச்சியை உறிஞ்சினால் அடியின் வலுவே போய்விடும் அல்லவா? மூளை சிறியது, அதனால் தாங்குகிறது.

கேள்வி: கருமுதுகுக்கும் காலில் மூன்று விரல்தானா?

பதில்: ஆமாம், முன்னே இரண்டு, பின்னே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு பொன்முதுகு மரங்கொத்தி இனத்துக்கும் மூன்றுதான்.

கேள்வி: கூடு எப்போது பார்க்கலாம்?

பதில்: ஜூனில். ஆண்டுதோறும் புதுப் பொந்து குடையும், வாயிலைச் சுற்றிப் பட்டையை உரித்து வைத்திருக்கும். ஆண், பெண் இரண்டுமே அடைகாக்கும், இரவில் ஆண். பழைய பொந்தில் மற்ற சிறு பறவைகளும் பறக்கும் அணில்களும் குடியேறும். குஞ்சுகள் ஓயாமல் கத்துவதால் தூரத்திலேயே கேட்கும். ஆனால் தாயோ தந்தையோ அலகில் புழுவோடு பக்கத்து மரத்தில் தயங்கி நின்றால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலைப் போட்டு அழைக்கவே வேண்டாம்.