வெலிமடையில் நிற்கும் மொரிஸ் மைனர்

"ஐயா, வெலிமடையில் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று விலைக்கு இருக்கிறது. படங்களில் பளபளவென்று இருக்கிறது. நான் செங்கலடியில் இருக்கிறேன், லீவு போட்டு வந்து பார்க்க வழியில்லை. விற்பவரே தனக்குத் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரிடம் காட்டி ரிப்போர்ட் அனுப்புகிறேன் என்கிறார். நம்பி வாங்கலாமா?"

விற்பவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். காரைப் பார்க்கப் போகிறவர் மட்டும் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். அவருடைய கூலியும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பழைய இங்கிலீஷ் கார்களிலேயே கை பழகிய வயதான பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு கொடுத்து ஒருவரை அனுப்புங்கள். காரின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

போகிறவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: முதலில் பொனட்டைத் திறக்க வேண்டாம், காருக்கு அடியில் படுக்கட்டும். மொரிஸ் மைனர் சலூனுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பொடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. எஞ்சின் போனால் செய்துவிடலாம். மினி காருக்கும் இதே ஏ சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான், தெரிந்த கைகளும் நிறைய உண்டு. அடித்தகடு உளுத்துப்போன காரை மீட்க அதன் விலையைவிட அதிகம் இறைக்க வேண்டிவரும்.

நீங்கள் கறள் என்பதை இங்கே துரு என்போம். கடற்காற்றில்தான் கார் கறள் பிடிக்கும், மலைக்கார் சுத்தமாக இருக்கும் என்று உங்கள் பக்கத்தில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் கால்மிதிக்கு அடியில் ஏறிய ஈரம் காய்வதே இல்லை. ஒருமுறை நான் பார்க்கப் போன காரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகட்டில் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தேன். முன்பக்கம் ஒட்டியது, பின்சக்கரத்துக்கு அரை அடி முன்னால் வழுக்கி விழுந்தது. ஓட்டையை மறைக்கத் தடிப்பாக அப்பியிருந்த பட்டியைச் சுரண்டினால் உள்ளே தட்டையாக அடித்த பிஸ்கட் டின். அதில் சிவப்பு எழுத்துக்கூட அழியவில்லை. மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது!

ஆகவே காந்தமும் மழுங்கிய ஸ்குரூ டிரைவரும் கொண்டு போகட்டும். கதவுக்கடிப் பெட்டி, ஜெக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், முன்பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் நீளத்தகடுகள், இந்த நாலையும் தட்டிப் பார்த்து, வீடியோவை இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கச் சொல்லுங்கள். தட்டும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். நல்ல தகடு கணீரென்னும், பட்டி பொத்தென்னும்.

அப்புறம் முன்சக்கரம். அதைத் தாங்குகிற கீழ்மூட்டு மரையில் திரும்புவது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் கழன்று சக்கரம் மடிந்து விழும். ஹக்கலை வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டட்டும். கிரீஸ் அடிக்கும் முனையில் (நிப்பிள்) காய்ந்த மண் அப்பியிருந்தால் வருடக்கணக்காக யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் எண்ணெய் தெரியும். நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி, ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். மெல்ல மெல்ல இறங்கினால் அந்தக் காரை அன்றைக்கு ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பிரேக் சரியென்றால் எஞ்சினுக்கு வரலாம். "காலையில் நான் வந்து தொடும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சூடேற்றி வைத்த எஞ்சின் எல்லாக் குறையையும் மறைக்கும். ஹக்கலைப் பக்கம் ஏறிவிட்டு, திரும்பும்போது மூன்றாம், இரண்டாம் கியரில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கட்டும். மலைக்காரில் கியர்தான் பாதி பிரேக், அதனால் கியர் பெட்டி தேயும், தேய்ந்த பெட்டியில் கியர் தானாகக் கழன்றுவிடும். இறக்கம் முடிந்து எக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை கிளம்பினால் வால்வுப் பக்கம் ஒயில் இறங்குகிறது. அது விலை பேச ஒரு காரணம், காரை விடுவதற்குக் காரணம் இல்லை. முதல் கியர் போடும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம். அதற்கு சிங்க்ரோமெஷ் (கியர்ப் பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, நின்ற பிறகுதான் போட வேண்டும்.

1959 என்கிறார்களே, காரே அதற்குச் சாட்சி சொல்லும். முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்க வேண்டும், இரண்டு துண்டு கண்ணாடி 1956உடன் முடிந்தது. எஞ்சின் 948 சிசி. 1098 போட்டிருந்தால் அது 1962இல் வந்த எஞ்சின், மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதில் தப்பில்லை, ஆனால் சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பதிந்திருக்க வேண்டும். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் படம் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் விற்பவரின் பெயர் இல்லாமல் வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்ட ஓபன் பேப்பரை நீட்டினால், பதிவுப் பெயருக்குரியவரைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். என்னிடம் வரும் வழக்குகளில் பாதி இயந்திரக் கோளாறு அல்ல, இதுதான்.

எல்லாம் சரியாக வந்தால், வெலிமடையிலிருந்து பதுளை வழியாக உங்கள் செங்கலடிச் சந்திவரை ஏ5 ஒரே வீதிதான். ஆசையாக இருக்கும், தெரியும். ஆனாலும் முதல் பயணம் லொறியில் வரட்டும். பிரேக் ரப்பர்களையும் குழாய்களையும் புதிதாக மாற்றிய பிறகு நீங்கள் ஓட்டுங்கள்.