காம்பவுண்ட் வில்லில் பிரேஸ் ஹைட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிரேஸ் ஹைட்டை எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும்? அது குறைந்தால் வேகம் ஏன் கூடுகிறது?

பதில்: காம்பவுண்ட் என்பது இரு நுனியிலும் கேம் என்னும் சக்கரமும், நாணோடு கேபிள்களும் உள்ள வில். அதன் நாணை இழுக்காத நிலையில், கைப்பிடியின் ஆழமான பள்ளத்திலிருந்து நாண் வரை செங்குத்தாக அளந்தால் வருவதுதான் பிரேஸ் ஹைட். வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் டிரா லெங்த் (நாணை முழுதாக இழுக்கும் அளவு) 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். டிரா லெங்த்தில் 1¾ அங்குலம் கூட்டிச் சொல்வது வழக்கம் என்பதால், முழு இழுப்பில் பள்ளத்திலிருந்து நாண் இருப்பது 26¼ அங்குலத்தில். பிரேஸ் ஹைட் 7 என்றால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் 19¼, 6 என்றால் 20¼. தள்ளும் தூரம் சுமார் 5 சதவீதம் கூடுவதால் ஆற்றலும் ஏறக்குறைய அந்த அளவு கூடும், வேகம் அதில் பாதி. விநாடிக்கு 280 அடி போன அம்பு 287 போகும்.

'ஒரு அங்குலத்துக்குப் பத்து அடி' என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விளம்பர வேகம் பொதுவாக 30 அங்குல டிரா, 70 பவுண்ட் இழுப்பு எடை, 350 கிரெயின் எடையுள்ள அம்பு வைத்து எடுத்தது. நம்மில் பலருக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

கேள்வி: பிரேஸ் ஹைட் குறைந்தால் அம்பு நாணில் அதிக நேரம் இருக்கும், அதனால்தான் கைத்தவறு பெரிதாகத் தெரியும் என்கிறார்களே, சரிதானா சார்?

பதில்: எல்லோரும் சொல்லும் காரணம்தான், ஆனால் கணக்கு அதற்குத் துணை நிற்கவில்லை. அந்தக் கடைசி ஒரு அங்குலத்தை 280 அடி வேகத்தில் அம்பு கடக்க ஆகும் நேரம் 0.3 மில்லி விநாடி. நாணோடு அது போகும் மொத்த நேரமே ஏறக்குறைய 12 மில்லி விநாடி. இதனால் மட்டும் ஒருவர் நன்றாகவோ மோசமாகவோ எய்துவிட மாட்டார்.

நான் பார்க்கச் சொல்வது ரைசரின், அதாவது கைப்பிடி இருக்கும் நடுப்பகுதியின், வடிவத்தை. பிரேஸ் ஹைட்டைக் குறைக்கக் கைப்பிடியை நாண் பக்கமாக, அதாவது எய்பவரை நோக்கி, பின்னால் கொண்டுவருகிறார்கள். கை தள்ளும் இடம் லிம்புகள் (வளையும் மேல், கீழ்க் கைகள்) இழுக்கும் இடத்துக்கு நன்றாக முன்னால் இருந்தால் வில் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். கைப்பிடி பின்னால் வர வர அந்த உதவி குறையும். உள்ளங்கை சற்றே அழுத்தினாலும் வில் திரும்பிவிடும்.

எவ்வளவு திரும்பினால் தவறும் என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 8 செ.மீ. நடுவிலிருந்து 4 செ.மீ. விலகினால் விளிம்புக்கு வந்தாயிற்று. 70 செ.மீ. நீள அம்பில் அந்தக் கோணத்தை அளந்தால், நுனிக்கும், நாணில் மாட்டும் பின்முனைக்கும் இடையே அரை மில்லிமீட்டர் சாய்வுதான்! இன்னொன்று, வேகத்துக்காகச் செய்த வில்லில் கேமும் முரடாக இருக்கும். முழு இழுப்பில் உங்கள் முதுகு கொஞ்சம் தளர்ந்தாலே, நாணைப் பிடித்த கையை வில் முன்னே இழுக்கும். பல நேரம் பிரேஸ் ஹைட்டின் மேல் போடும் பழி உண்மையில் கேமுக்குச் சேர வேண்டியது.

கேள்வி: 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டில் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்ததைப் பார்த்துத்தான் நான் சேர்ந்தேன். 50 மீட்டருக்கு 6 அங்குல வில் வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்காதீர்கள். 50 மீட்டரில் தூரம் மாறுவதே இல்லை. சைட்டை (குறிபார்க்கும் கருவியை) ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் 280 அடிக்கும் 287 அடிக்கும் புள்ளியில் வித்தியாசம் வராது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எய்யும் 3டி போட்டி என்றால் வேகம் உதவும், மதிப்பீடு கொஞ்சம் பிசகினாலும் அம்பு குறைவாகத்தான் இறங்கும். 50 மீட்டருக்கென்றே செய்யும் வில்கள் பெரும்பாலும் 7 அங்குலத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கூடவே ஆக்ஸில் டு ஆக்ஸில் நீளத்தையும், அதாவது இரு கேம்களின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், பாருங்கள். நீளமான வில் கையில் அமைதியாக நிற்கும்.

கேள்வி: என் மகளுக்கு டிரா 25½ அங்குலம். அவளும் 7-க்கு மேல்தான் வாங்க வேண்டுமா சார்?

பதில்: கட்டாயமில்லை. 6½ அங்குல வில்லில்கூட அவளுக்குத் தள்ளும் தூரம் 17¼ தான் வரும். 29 அங்குலம் இழுக்கும் ஒருவருக்கு 7 அங்குல வில்லில் 20¼ வரும். குட்டை இழுப்புக்காரர்களுக்கு ஆற்றல் ஏற்கெனவே குறைவு என்பதால், அரை அங்குலம் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மகள் கையில் கொடுத்து, இழுத்து நிறுத்திப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கேம் மென்மையாக இருக்கிறதா என்று அவளே சொல்லட்டும்.

கேள்வி: கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறேன். 5¾ அங்குல வில் சரிவருமா?

பதில்: குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போடுவீர்கள் அல்லவா? நாண் கைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும்போது சட்டைக் கையை உரசும், அம்பு விலகிப்போகும். அந்த ஜாக்கெட்டோடும் ஆர்ம் கார்டோடும் எய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் 6½ போதும். அம்பின் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள், வில்லின் சத்தமும் குறையும்.

கேள்வி: ரிகர்வ் வில்லில் (நுனி முன்பக்கம் வளைந்த, கேம் இல்லாத வில்) நாணை முறுக்கி பிரேஸ் ஹைட்டை மாற்றுவதுபோல் காம்பவுண்டிலும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ரிகர்வ் வில்லில் அது தினசரி வேலை. காம்பவுண்டில் நாணையோ கேபிளையோ முறுக்கினால் டிரா லெங்த், டிரா வெயிட் (இழுப்பு எடை), கேம்களின் ஒத்திசைவு எல்லாம் சேர்ந்து நகரும். வில்லை பிரஸ்ஸில் (லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் கருவியில்) மாட்டத் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டிய இடம் அது. நீங்கள் செய்ய வேண்டியது, புது வில்லின் பிரேஸ் ஹைட்டை பவ் ஸ்கொயரால் (வில்லுக்கான T வடிவ அளவுகோலால்) அளந்து எழுதி வைப்பது. அப்புறம் அவ்வப்போது அளந்து பாருங்கள். அளவு மாறியிருந்தால் நாணோ கேபிளோ நீண்டிருக்கிறது என்று அர்த்தம். சைட்டைத் திருகும் முன் அதைச் சரிபார்க்கக் கொடுங்கள்.